மூணாவது வாரம் மீன்தொட்டி பழுப்பாகுதா? தேய்ச்சுக் கழுவுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆசை ஆசையாக 2 அடி மீன்தொட்டி ஒன்று வாங்கியாச்சு. அடியில் வெள்ளை மணல், நடுவில் ரெண்டு கல், ஓரத்தில் கொஞ்சம் செடி, மேலே ஒரு எல்.இ.டி லைட், உள்ளே நாலு கப்பி, ரெண்டு மோலி. முதல் வாரம் தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தீர்கள், சொந்தக்காரர்கள் எல்லாம் ஹார்ட் விட்டார்கள். ரெண்டாவது வாரமும் பிரச்னை இல்லை. மூணாவது வாரம் ஒருநாள் காலையில் லைட்டைப் போட்டுப் பார்த்தால், மணல் மேல் யாரோ காபித்தூளைத் தூவிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. கண்ணாடியில் மங்கலாக ஒரு பழுப்புத் திரை. செடியின் இலை, ஃபில்டர் குழாய், கல் என எல்லாவற்றிலும் அதே நிறம்.

உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். ``தண்ணி கெட்டுப்போச்சு. மொத்தத்தையும் கொட்டிட்டு, மணலைக் கழுவி வெயில்ல காயப் போடு’’ என்பார் அப்பா. ``பாசி மருந்து ஒண்ணு இருக்கு மச்சி. ரெண்டு மூடி ஊத்து, ஓடியே போயிரும்’’ என்பான் நண்பன். ``இதுக்குத்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன் சாமி’’ என்பார் அம்மிச்சி.

கொஞ்சம் பொறுங்க. இந்தப் பழுப்புப் படிவு உங்கள் மீன் ஒன்றைக்கூடக் கொல்லாது. ஆனால், அதைப் பார்த்துப் பதறி ஒரே நாளில் செய்கிற முழு கிளீனிங், மொத்த மீனையும் கொன்றுவிடலாம். அப்புறம் `நமக்கு மீன் ராசி இல்லை’ என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவோம். பிரச்னை ராசியில் இல்லை, கழுவிய விதத்தில்தான் இருக்கிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

முதல்ல, இது என்ன?

கடைகளில் `பிரவுன் ஆல்கே’ என்று சொல்கிறார்களே, அதன் சரியான பெயர் டயாட்டம். ஒரே ஒரு செல் கொண்ட நுண்ணுயிர். செடியைப் போலவே வெளிச்சத்தை வைத்துத் தன் உணவைத் தானே தயாரிக்கும். பச்சையம் இருந்தாலும், கூடவே ஃபுகோசாந்தின் என்கிற இன்னொரு நிறமியும் இருப்பதால் பச்சை மறைந்து பழுப்பாகத் தெரிகிறது.

இதன் ஸ்பெஷலே இதன் வீடுதான். ஒவ்வொரு டயாட்டமும் சிலிக்காவால் ஓர் ஓடு கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்கிறது. கண்ணாடி செய்யப் பயன்படுகிற அதே சிலிக்கா. டிபன் பாக்ஸும் மூடியும் மாதிரி, ரெண்டு பாதி ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். அதாவது, உங்கள் கண்ணாடித் தொட்டிக்குள் கோடிக்கணக்கான குட்டிக் கண்ணாடி டப்பாக்கள் குடியேறியிருக்கின்றன.

அறிவியல் புத்தகங்களில் `பழுப்புப் பாசி’ என்றால் அது வேறு ஆள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கடலில் கொத்துக் கொத்தாக வளர்கிற சர்காசம் மாதிரியான பெரிய கடற்பாசிகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவற்றிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கக்கூடச் சேர்க்கப்படுகிறது. டயாட்டம் அதற்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

டயாட்டம் வெறும் அழுக்கும் இல்லை. பூமியில் நடக்கிற ஒளிச்சேர்க்கையில் சுமார் 5-ல் ஒரு பங்கு டயாட்டம்களுடையது. கடலிலும் ஆற்றிலும் இருக்கிற சின்னச் சின்ன உயிர்களுக்கு இதுதான் சாப்பாடு. பவானி கூடுதுறை மாதிரி ஆற்றங்கரைப் படிகளில், தண்ணீருக்குள் இருக்கும் கல்லில் கால் வைத்தால் வழுக்குமே... அந்த வழவழப்பில் டயாட்டம்களுக்கும் பங்கு உண்டு. ஆற்று மீன்களும் நத்தைகளும் அதை மேய்ந்துதான் வளர்கின்றன.

நம்ம ஊர் ஆட்கள் இதில் பெரிய வேலை செய்திருக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி.அய்யங்கார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். சென்னைக் கடற்கரையில் மிதக்கும் டயாட்டம்களை வகைப்படுத்தி ஆர்.சுப்ரமணியன் எழுதிய ஆய்வு 1946-ல் வெளியானது. அய்யங்காரின் வழியில் வந்த டி.வி.தேசிகாச்சாரி, 1980-களில் டயாட்டம்களுக்குப் படங்களோடு பெரிய தொகுப்பே கொண்டு வந்தார். அவர்கள் மைக்ராஸ்கோப்பில் தேடித்தேடிப் பார்த்த அதே இன வகைதான், இப்போது உங்கள் ஹாலில் ஓசியில் குடியிருக்கிறது.

புதுத் தொட்டியில மட்டும் ஏன்?

ஓடு கட்ட சிலிக்கா வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நீங்கள் ஊற்றுகிற தண்ணீரிலிருந்துதான்.

உதாரணத்துக்கு, உங்கள் வீடு ஈரோடு மாவட்டம் அந்தியூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொங்குப் பகுதியின் பல வீடுகள் மாதிரி அங்கேயும் ரெண்டு தண்ணீர்: ஒன்று போர் தண்ணி, இன்னொன்று ஆற்றுத் தண்ணி. ஈரோடு மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நைஸ், சார்னோகைட் என்று புவியியல்காரர்கள் சொல்லும் பாறைகள். போர் போடும்போது வெள்ளை மாவு பறக்குமே, அந்தப் பாறைதான். இவற்றில் பெரும்பங்கு சிலிக்கா கலந்த கனிமங்கள். மழைத்தண்ணி பாறை இடுக்குகளில் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கும்போது, அந்தச் சிலிக்கா மெள்ள மெள்ளக் கரைந்து தண்ணீரில் சேர்கிறது. ஆற்றுத் தண்ணியும் விதிவிலக்கு இல்லை. அதுவும் மலையையும் மண்ணையும் கழுவிக்கொண்டுதானே வருகிறது?

இங்கே ஒரு சுவாரஸ்யம். `என்கிட்ட டி.டி.எஸ் மீட்டர் இருக்கு, நம்ம தண்ணி நல்லாத்தான் காட்டுது’ என்று நினைக்கலாம். டி.டி.எஸ் மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறது. கரைந்த சிலிக்கா சாதாரணத் தண்ணீரில் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். அதனால் மீட்டரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக, டயாட்டம் வராது என்று அர்த்தம் இல்லை.

ரெண்டாவது காரணம், காலி வீடு. புதுத் தொட்டியில் கண்ணாடி, மணல், கல் எல்லாமே வெறுமையாக இருக்கின்றன. செடி இன்னும் வேர் பிடிக்கவில்லை. நல்ல பாக்டீரியாக்கள் இன்னும் பெருகவில்லை. போட்டிக்கு ஆளே இல்லாத இடத்தில் முதலில் வந்து துண்டைப் போட்டு இடம் பிடிப்பவர்தான் டயாட்டம். கொஞ்சம் மங்கலான வெளிச்சமே அதற்குப் போதும்.

போகப்போக நிலைமை மாறும். தண்ணீரில் இருந்த சிலிக்கா குறையும். செடிகளும் பாக்டீரியாக்களும் இடத்தையும் சத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். டயாட்டம் தானாகவே பின்வாங்கும். பொதுவாக 2-வது வாரத்துக்கும் 6-வது வாரத்துக்கும் இடையில் தலைகாட்டி, அடுத்த சில வாரங்களில் மெலிந்துவிடும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். பர்கூர் மாடு பிடிக்க வருகிறவர்கள் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்த்தால் மாட்டின் வயசு தெரிந்துவிடும். மீன்தொட்டிக்கு இந்தப் பழுப்பு நிறம் அந்தப் பல் மாதிரி. `இந்தத் தொட்டி இன்னும் இளசு’ என்று அது சொல்கிறது. அது நோயும் இல்லை, நீங்கள் செய்த தப்பும் இல்லை.

அப்போ, முழுசா கழுவினா என்ன தப்பு?

இதுதான் இந்தக் கட்டுரையின் மெயின் மேட்டர். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மீன் சாப்பிடுகிறது, கழிவு போடுகிறது, செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். ஆற்றிலும் ஏரியிலும் தண்ணீர் நிறைய இருப்பதால் தெரியாது. 50 லிட்டர் தொட்டியில் தப்பிக்க வழி இல்லை.

இங்கேதான் நல்ல பாக்டீரியாக்கள் வருகின்றன. ஒரு குழு அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு குழு அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அளவோடு இருந்தால் பெரிதாகப் பாதிப்பு இல்லை, செடிக்கும் உரமாகும். இதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் `டேங்க் சைக்கிள் ஆகுது’ என்று சொல்வார்கள். இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். முழுசாகச் செட் ஆக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், மணலிலும், கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. இப்போது அப்பா சொன்ன யோசனையைத் திரும்பப் பாருங்கள். மணலைக் கழுவி வெயிலில் போட்டால் பாதி பாக்டீரியா காலி. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில் பிழிந்தால், தண்ணீரில் இருக்கும் குளோரின் மீதியையும் முடித்துவிடும். தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். ஆனால் மீன்கள் அப்படியே இருக்கின்றன. அம்மோனியாவும் வந்துகொண்டே இருக்கிறது, அதை மாற்றத்தான் ஆள் இல்லை.

ரெண்டு மூணு நாளில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். செவுள் சிவக்கும். ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாக மிதக்கும். `நேத்துதானே சுத்தமா கழுவினோம்?’ என்று குழம்புவோம். கழுவியதால்தான்.

போர் தண்ணி பயன்படுத்தும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். கடினமான தண்ணீரில் பி.ஹெச் அளவு பெரும்பாலும் 7-க்கு மேலேதான் இருக்கும். பி.ஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் விஷத்தன்மை உள்ள வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகிறது. தண்ணீர் சூடானாலும் அது கூடும். ஈரோடு மாவட்டத்து ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் சென்னையில் இருக்கிற நண்பன் தொட்டியில் தப்பித்த மீன், அதே அளவு அம்மோனியாவில் உங்கள் தொட்டியில் தப்பிக்காமல் போகலாம்.

இன்னொன்று: பழையபடி காலி வீடு ரெடி, புதுத் தண்ணீரோடு புது சிலிக்காவும் ரெடி. அடுத்த 2 வாரத்தில் டயாட்டம் மறுபடியும் வரும். மீன் போனது போனதுதான், பாசியும் போகவில்லை.

இது டயாட்டம்தானானு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தொட்டியில் வருகிற எல்லா நிற மாற்றமும் ஒன்று அல்ல. விரல்தான் உங்கள் முதல் டெஸ்ட் கிட். சோப்பு, சானிட்டைசர் இல்லாத கையால் கண்ணாடியை லேசாகத் தேய்த்துப் பாருங்கள்.

* பழுப்பு, தூசி மாதிரி, தொட்டதும் கலைந்துவிடுகிறது: டயாட்டம். கவலை வேண்டாம்.

* கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது: பச்சைப் புள்ளிப் பாசி. வெளிச்சம் அதிகமாக இருக்கலாம்.

* கரும்பச்சை அல்லது நீலப்பச்சை நிறத்தில் வழவழவென்று ஆடை மாதிரி உரிந்து வருகிறது, கெட்ட வாடை அடிக்கிறது: இது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா என்கிற பாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு, தீனியைக் குறைக்க வேண்டும், தண்ணீர் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும்.

* கறுப்பாகக் குஞ்சம் குஞ்சமாக ஒட்டியிருக்கிறது, இழுத்தாலும் வரவில்லை: கருந்தாடிப் பாசி. இது வேறு வைத்தியம்.

* தண்ணீரே டீ நிறத்தில் இருக்கிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது: புதிதாகப் போட்ட மரக்கட்டையிலிருந்து இறங்கிய சாயம். மீனுக்குக் கெடுதல் இல்லை.

* பழுப்பு அல்லது தங்க நிறத் தூசி மீனின் உடம்பு மேலேயே இருக்கிறது, மீன் கல்லில் உரசிக்கொள்கிறது: இதற்குத்தான் பதற வேண்டும். `வெல்வெட்’ என்கிற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். உடனே வைத்தியம் பார்க்க வேண்டும்.

கடைசியில் சொன்னதை மட்டும் மறக்காதீர்கள். தூசி கண்ணாடியில் இருந்தால் பொறுமை, மீன் மேல் இருந்தால் மருந்து.

சரி, இப்ப என்னதான் செய்யுறது?

`சும்மா விட்டுடு’ என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே? வாரத்துக்கு ஒரு நாள், அரைமணி நேரம் போதும்.

1. துடையுங்கள். உள்பக்கக் கண்ணாடியை மேக்னட் கிளீனர், புது ஸ்பாஞ்ச், இல்லையென்றால் பழைய ஏ.டி.எம் கார்டால் வழித்துவிடலாம். கல், குழாய்க்குப் புது டூத் பிரஷ். பல் தேய்த்த பிரஷ், பாத்திரம் கழுவின ஸ்பாஞ்ச் ரெண்டும் வேண்டாம். சோப்பு ஒரு துளிகூடத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது. செடியின் இலையை ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக வருடினால் படிவு போய்விடும்.

2. உறிஞ்சுங்கள். துடைத்ததும் கலைந்து மிதக்கும். அது மறுபடி உட்காருவதற்குள் ஒரு ட்யூபை வைத்து, சைபன் முறையில் பக்கெட்டுக்கு இறக்குங்கள். மணலின் மேற்பரப்பில் மட்டும் உறிஞ்சினால் போதும், அடிவரை கிளற வேண்டாம்.

3. ஒரு குடம் மட்டும் மாற்றுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் பிடிக்கும். மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக சுமார் 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் 4-ல் ஒரு பங்கு என்றால் 11 லிட்டர் சொச்சம். கிட்டத்தட்ட ஒரு பிளாஸ்டிக் குடம். வாரத்துக்கு அவ்வளவுதான். குழாய்த் தண்ணியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலந்து ஊற்றுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் கொதித்த தண்ணியை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். கை வைத்துப் பார்த்தால் தொட்டித் தண்ணி மாதிரியே இருக்க வேண்டும்.

4. ஃபில்டரைக் காப்பாற்றுங்கள். முதல் மாதம் முழுக்க அதைத் தொடாமல் இருந்தால் நல்லது. தண்ணீர் ஓட்டம் குறைந்துவிட்டது என்றால், தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பக்கெட் தண்ணியிலேயே ஸ்பாஞ்சை ரெண்டு தடவை அமுக்கி எடுத்து மாட்டிவிடுங்கள். வெள்ளையாகும் வரை பிழிய வேண்டாம். அந்தப் பழுப்பு அழுக்கில்தான் பாக்டீரியா குடும்பமே இருக்கிறது. ராத்திரி ஃபில்டரை ஆஃப் செய்கிற பழக்கமும் வேண்டாம். அந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் தேவை. கரன்ட் அடிக்கடி போகிற ஏரியா என்றால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

5. லைட்டுக்கு டைம் போடுங்கள். ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம். `டயாட்டம் மங்கலான வெளிச்சத்தில் வரும்’ என்று கேள்விப்பட்டு, லைட்டை 14 மணி நேரம் எரியவிட்டால் பழுப்பு போய்ப் பச்சை வரும். ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தாலும் அதே கதைதான், கூடவே தண்ணீரும் சூடாகும்.

6. தீனியைக் குறையுங்கள். 2 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. `பாவம், பசிக்கும்’ என்று வீட்டில் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டால், அது அம்மோனியாவாகத்தான் திரும்பி வரும். முதல் 6 வாரம் புது மீன் எதுவும் சேர்க்காமல் இருப்பதும் முக்கியம்.

எதுக்கெல்லாம் காசு செலவு பண்ண வேண்டாம்?

பாசி மருந்து: பாசியைக் கொல்லும் சில மருந்துகளில் தாமிரம் இருக்கும். நத்தையும் இறாலும் முதலில் செத்துப்போகும். டயாட்டம் செத்தாலும், அது உள்ளேயே அழுகி அம்மோனியாவைக் கூட்டும். தானாகப் போகிறவனைக் காசு கொடுத்துத் துரத்த வேண்டுமா?

முழுக்க ஆர்.ஓ தண்ணி: சிலிக்கா பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் கால்சியம், மெக்னீசியம் மாதிரி மீனுக்கும் செடிக்கும் வேண்டிய தாதுக்களும் சேர்ந்து போய்விடும். பி.ஹெச் நிலையாக நிற்காமல் திடீரென்று சரியும். கப்பி, மோலி ரெண்டுமே கொஞ்சம் கடினமான தண்ணீரை விரும்புகிற மீன்கள். போர் தண்ணி ஊருக்குப் பொருத்தமான மீன்களே அவைதான். அவற்றைப் போய் கேன் தண்ணியில் விடுவது நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வது.

சிலிக்கா உறிஞ்சும் ரெசின்: 3 மாதம் தாண்டியும் டயாட்டம் குறையவே இல்லை என்றால் யோசிக்கலாம். மூணாவது வாரத்தில் தேவையே இல்லை.

பாசி தின்னும் மீன்: ஓட்டோசிங்க்ளஸ் என்ற குட்டி மீன் டயாட்டத்தை விரும்பித் தின்னும். ஆனால் அது ரொம்ப சென்சிட்டிவ். செட் ஆகாத புதுத் தொட்டியில் விட்டால் பாசியைத் தின்பதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். தொட்டி செட் ஆன பிறகு ஒன்றிரண்டு நெரைட் நத்தை விடலாம். கடினத் தண்ணீர் அதன் ஓட்டுக்கு நல்லது. நன்னீர்த் தொட்டியில் அது குஞ்சு பொரித்துப் பெருகாது என்பது கூடுதல் வசதி.

சக்கர் மீன்: இதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். `டேங்க் கிளீனர்’ என்று சொல்லி, விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு மீனை கடையில் கொடுப்பார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும். குட்டியில் கொஞ்சம் பாசி தின்னும். வளர வளர 1 அடியைத் தாண்டும். 2 அடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. அது போடும் கழிவும் அதிகம், அதாவது அம்மோனியாவும் அதிகம்.

அப்புறம் என்ன செய்வோம்? `பாவம், உயிரோடு விட்டுடலாம்’ என்று ஏரியில் கொண்டுபோய் விடுவோம். அந்தியூர் என்றால் பெரிய ஏரி, வரட்டுப்பள்ளம் அணை, இல்லை கொஞ்ச தூரத்தில் பவானி ஆறு. பாவம் பார்க்க வேண்டியது அந்த ஏரியைத்தான். சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உடம்பில் எலும்புத் தகடு, துடுப்பில் முள். நம்ம ஊர் மீன்களும் பறவைகளும் அதை எளிதில் தின்ன முடியாது. ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்கும். கரையில் வளை தோண்டி முட்டை போடும். இப்படித் தொட்டியிலிருந்து வெளியே போன மீன்கள் தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் பெருகி, இப்போது மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. வாங்கிவிட்டீர்கள், வளர்க்க முடியவில்லை என்றால், வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுங்கள். ஏரி, ஆறு, வாய்க்கால், கிணறு எதிலும் விடாதீர்கள்.

எத்தனை நாள் பொறுக்கணும்?

தொட்டி வைத்து 2 மாதம் வரை பொறுமையாக இருக்கலாம். ஒவ்வொரு வாரமும் துடைக்கும்போது படிவு முன்பைவிட மெல்லிசாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே கோணத்தில் வாரம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அந்த 2 மாதமும் கண்ணாடியைவிட மீன்களைக் கவனியுங்கள். தீனி போட்டதும் ஓடி வருகிறதா? துடுப்பை விரித்து நீந்துகிறதா? அப்படியென்றால் எல்லாம் சரி. மேலே வந்து வாயைப் பிளந்தால், செவுள் வேகமாக அடித்தால், தீனியைத் தொடாமல் நின்றால், உடனே ஒரு குடம் தண்ணி மாற்றி, அம்மோனியா டெஸ்ட் கிட்டில் பாருங்கள். வாங்குவதற்குத் தகுந்த ஒரே பொருள் என்றால் அதுதான். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் கொஞ்சம் என்று காட்டும் நாளில் உங்கள் தொட்டி செட் ஆகிவிட்டது.

3 மாதம் கழிந்தும் பழுப்பு அதே மாதிரி வருகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: தண்ணீரில் சிலிக்கா அதிகம், தீனி அதிகம், அளவுக்கு மீறிய மீன், இல்லையென்றால் வாரா வாரம் ஃபில்டரை வெளுத்துக் கழுவுகிற நல்ல மனசு. கடைசிக் காரணத்தை முதலில் சந்தேகப்படுங்கள். வேகமாக வளரும் செடி ரெண்டு கட்டு வைத்தால் பாசிக்குப் போகிற சத்தை அது எடுத்துக்கொள்ளும். ஹார்ன்வோர்ட், வாலிஸ்னேரியா மாதிரி செடிகள் போர் தண்ணியிலும் நன்றாகவே வளரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கண்ணாடியில் வழித்த அந்தப் பழுப்பை ஒரு துளி, மூடி போட்ட குட்டி பாட்டிலில் எடுத்துக்கொண்டு உங்கள் பள்ளி அல்லது கல்லூரி லேபுக்குப் போங்கள். மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். படகு மாதிரி, ஊசி மாதிரி, பொன்னிறக் கண்ணாடி ஓடுகள் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்தால், சில படகுகள் துடுப்பே இல்லாமல் மெதுவாக நகர்வதையும் பார்க்கலாம். போன் கேமராவை ஐபீஸ் மேல் வைத்தால் வீடியோவும் வரும். அம்மிச்சியிடம் காட்டுங்கள்: ``இதுதாங்க அம்மிச்சி அந்தப் பாசி!’’